அறப்பணமும் அதன் கணக்கும்

தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. ஊதியத்தில் ஒரு சிறு பகுதியை நல்ல காரியத்திற்கென்று ஒதுக்கி வைப்போம். அது திருப்பதி உண்டியலுக்கென்று முடிந்து வைத்த காணிக்கையாக இருக்கலாம். பிறந்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பும் உதவியாக இருக்கலாம். நாம் குடியேறிய நகரத்தின் தமிழ்ச் சங்கத்திற்குச் செலுத்தும் நன்கொடையாகவும் இருக்கலாம். கொடுக்கும் போது நம் மனத்தில் ஒரு நோக்கம் இருக்கின்றது. ஏழை மாணவனுக்குப் புத்தகம், பசித்தவனுக்கு உணவு, நோயாளிக்கு மருந்து என்று ஏதேனும் ஒன்றை எண்ணியே கொடுக்கிறோம். ஆண்டு முடிவில் அந்த நிலையம் அச்சிட்டு அனுப்பும் வரவு செலவு அறிக்கையில் காண்பது என்ன? சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, அச்சுக் கூலி இவ்வளவு, பல்வகைச் செலவு இவ்வளவு. கூட்டல் சரியாக இருக்கின்றது, தணிக்கையாளரும் கையெழுத்திட்டிருக்கிறார். ஆயினும், நாம் கொடுத்த பணம் நாம் எண்ணிய பணிக்குச் சென்றதா என்ற கேள்விக்கு மட்டும் அந்த அறிக்கையில் விடை இல்லை.

இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் நாணயக் கேடு அன்று. கணக்கின் அமைப்பே ஆகும். வாணிபத்திற்கு ஏற்ற கணக்கு முறையை அப்படியே அறநிலையத்திற்கும் எடுத்துக் கொள்வதால் இது நேருகின்றது. வாணிகனுக்கு வேண்டியது இலாபமா நட்டமா என்ற ஒரே விடை. அவனுடைய பெட்டியில் உள்ள ரூபாய் அனைத்தும் அவனுடையவை. அறநிலையத்தின் பெட்டியிலோ பலருடைய நோக்கங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் முறை எது என்பதை இங்கு ஆராய்வோம். இதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் சித்தூர், திருப்பதிப் பகுதியிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்று கிடைக்கின்றது.

திருமலைக் கோயிலிலும் திருப்பதியைச் சார்ந்த பிற கோயில்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோர் அவற்றைப் படியெடுத்து ஆராய, 1930-களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அக்கல்வெட்டுகளில் புகழ் வாய்ந்தது சாமவை என்னும் பல்லவ அரசகுலப் பெண்மணியின் அறக்கொடை. கி.பி. 966-ஆம் ஆண்டில் அவர் வெள்ளியாலான திருவுருவம் ஒன்றை எழுந்தருளுவித்தார். போக ஸ்ரீநிவாசர் என்று இன்றும் வழங்கும் திருவுருவம் அதுவே. அதனுடன் அணிகலன்களையும் இரு நிலப் பகுதிகளையும் அளித்து, அந்நிலங்களின் வருவாய் திருவிழாக்களுக்குப் பயன்பட வேண்டும் என்றும் விதித்தார்.

இச்செய்தியைப் பக்தி வரலாறாக நாம் பலமுறை கேட்டிருப்போம். கணக்கர் ஒருவரின் கண்கொண்டு இதனைப் பார்த்தால் வேறொன்று புலனாகும். கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் எது, அதிலிருந்து வரும் வருவாய் எது, அவ்வருவாய் எந்தப் பணிக்கு உரியது என்ற நான்கும் ஒரே பதிவில் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடவில்லை.

விஜயநகர வேந்தர் காலத்தில், குறிப்பாக 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், இம்முறை மேலும் விரிந்தது. அன்பர் ஒருவர் கோயிற் பண்டாரத்தில் ஒரு தொகையைச் செலுத்துவார். அத்தொகையைப் பண்டாரத்தில் முடக்கி வைப்பதில்லை. திருவிடையாட்டம் எனப்படும் கோயிற் சிற்றூர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடுவர். நீர்வளத்தால் மிகுந்த விளைச்சலைக் கொண்டு, இன்ன நாளில் இன்ன அமுதுபடி என்று குறித்தபடி நிவேதனம் நடைபெறும். நிவேதனப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். எஞ்சியதை எவ்வெவர்க்கு எவ்வளவு பகிர வேண்டும் என்பதும் கல்லில் எழுதப்பட்டிருக்கும். முடிவில் கோயிற் கணக்கு திருநின்றவூருடையான் எழுத்து என்று கணக்கரின் ஒப்பமும் காணப்படும். சாளுவ நரசிம்மர் காலத்தில் ஏற்பட்ட இராமானுசகூடம் என்னும் உணவுச் சாலைகளுக்கும் இவ்வாறே தனி வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது.

இங்குக் கருதத் தக்கது ஒன்று உண்டு. பணம் செலவான இடம் கால்வாய், நோக்கமோ நிவேதனம். செலவின் இனத்தை மட்டும் எழுதியிருந்தால், மண் வெட்டிய கூலி என்று ஒரு வரி மட்டுமே எஞ்சியிருக்கும். யாருடைய பணம், எந்த ஊர், எந்தப் பணி என்ற பிற குறிப்புகளும் உடனிருந்தமையால், கால்வாய்க்குச் செலவான பணமும் கொடையாளரின் கருத்தை விட்டு விலகவில்லை என்பது தெளிவாயிற்று.

1801-இல் கர்நாடக நாட்டு ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது கோயில் நிர்வாகமும் அதனிடம் சேர்ந்தது. சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் கலெக்டர் ஸ்டிராட்டன் 1803-இல் கோயிலின் பூசைகள், செலவுகள், நிலங்கள் ஆகியவற்றை விவரித்து ஓர் அறிக்கை தயாரித்தார். 1821-இல் 42 விதிகள் கொண்ட புரூஸ் விதித் தொகுப்பு ஏற்பட்டது. 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1933-இல் சென்னை மாகாணச் சட்டத்தின்படி தேவஸ்தானக் குழு தோன்றியது. இன்று 1987-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச அறநிலையச் சட்டத்தின் கீழ் அது இயங்குகின்றது. ஆட்சியாளர் மாறும் போதெல்லாம் முதற்கண் எழுந்த வினா, வருவது எவ்வளவு, அது எதற்கு உரியது என்பதே.

இக்காலத்துத் தேவஸ்தானத்தை நோக்குவோம். 1985 ஏப்ரல் 6-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் என்.டி. ராமராவ் திருமலையில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் நாள்தோறும் 2,000 பேருக்கு உணவளித்த அத்திட்டம், 2011 முதல் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரால் அமைந்த பெருங் கூடத்தில் நடைபெற்று வருகின்றது. அன்னப்பிரசாதம், மருத்துவ உதவி, எலும்பு மூட்டுச் சிகிச்சை, கல்வி, பசுப் பாதுகாப்பு, கோயிற் கட்டுமானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனி அறக்கட்டளை உண்டு. கொடையாளர் தமக்கு விருப்பமானதைத் தேர்ந்து கொடுக்கலாம். சமையற் கூடத்திற்குக் காய்கறியாகவே அனுப்புவோரும் பலர்.

மறுபுறம், 2025-26-ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 5,258 கோடி ரூபாய். அதில் உண்டியல் வருவாய் 1,729 கோடி என்றும், வைப்புகளின் வட்டி 1,310 கோடி என்றும் மதிப்பிட்டிருந்தனர். இவை இனவாரியான எண்கள். பணம் எவ்வழியில் வருகின்றது என்பதை இவை நன்கு காட்டுகின்றன. ஆனால், அன்னதானத்திற்கென்று ஒருவர் கொடுத்த ஆயிரம் ரூபாய் என்னவாயிற்று என்று அறிய இவ்வெண்கள் போதா. அதற்கு நிதிவாரியான கணக்கு வேண்டும். ஸ்ரீவாணி அறக்கட்டளையின் பணம் எங்குச் சென்றது என்ற ஐயம் பொதுமக்களிடையே எழுந்தபோது, 2023-இல் தேவஸ்தானம் அதுபற்றித் தனியே வெள்ளை அறிக்கை ஒன்று வெளியிட்டது. கேட்பவருக்கு வேண்டியது மொத்தத் தொகையன்று, குறித்த நிதியின் வரலாறே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இனி, முறையை விளக்குவோம். அறநிலையத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு கேள்விகளை இட வேண்டும். முதலாவது, இது எவ்வினச் செலவு? சம்பளமா, மருந்தா, வாடகையா? இரண்டாவது, இது யார் கொடுத்த, எந்த நிபந்தனைக்கு உட்பட்ட நிதி? மூன்றாவது, இது எந்தப் பணிக்காக? நான்காவது, எந்த இடத்தில்? இவற்றையே கணக்கியலார் கணக்கின் பரிமாணங்கள் என்கின்றனர். நீளம், அகலம், உயரம் மூன்றும் தெரிந்தால்தான் ஒரு பெட்டியின் அளவு தெரிவது போல, இந்த நான்கும் தெரிந்தால்தான் ஒரு ரூபாயின் முழு வரலாறு தெரியும்.

இரண்டாம் கேள்வியையும் மூன்றாம் கேள்வியையும் பலர் ஒன்றெனக் கருதி மயங்குவர். நிதி என்பது கொடையாளரின் கட்டளை. பணி என்பது நிலையத்தின் செயல். ஒரு மருத்துவமனையை மூன்று நிதிகள் தாங்கலாம். ஒரே நிதி இரண்டு பணிகளுக்கு இடந்தரலாம். எனவே இரண்டையும் வெவ்வேறாகவே வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். சித்தூரில் ஓர் இலவச மருத்துவமனையும், திருப்பதியில் ஒரு மாலை நேரப் பாடசாலையும், மாணவர் உதவித் தொகைத் திட்டமும் நடத்தும் ஓர் அறநிலையம் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய். செலவு, சம்பளம் 7 லட்சம், மருந்து 4 லட்சம், உதவித் தொகை 2 லட்சம், வாடகை 2 லட்சம், அச்சும் பிறவும் 1 லட்சம். ஆக 16 லட்சம். மிச்சம் 4 லட்சம். பொதுக்குழு கூடுகின்றது. மிச்சம் இருப்பதைக் கண்டு உறுப்பினர் மகிழ்கின்றனர். மருத்துவமனைக்கு ஒரு வாகனம் வாங்கலாம் என்று ஒருவர் முன்மொழிய, மற்றவர் வழிமொழிகின்றார். கருத்து நல்லதே, அறிக்கையும் அதற்கு இடந்தருவதாகவே தோன்றுகின்றது.

இப்பொழுது இதே கணக்கை நிதிவாரியாகப் பார்ப்போம். 20 லட்சத்தில் நிபந்தனையின்றி வந்தது 9 லட்சம். மருத்துவமனைக்கென்று வந்தது 5 லட்சம். உதவித் தொகைக்கு மட்டும் என்று வந்தது 6 லட்சம். பணிவாரியாகச் செலவைப் பிரித்தால், மருத்துவமனைக்குச் சம்பளம் 3, மருந்து 4, வாடகை 1 ஆக 8 லட்சம். பாடசாலைக்குச் சம்பளம் 2, வாடகை 1 ஆக 3 லட்சம். உதவித் தொகை 2 லட்சம். அலுவலகத்திற்குச் சம்பளம் 2, அச்சும் பிறவும் 1 ஆக 3 லட்சம். மருத்துவமனையின் 8 லட்சத்தில் 5 லட்சம் அதற்குரிய நிதியிலிருந்து தீர்ந்தது. எஞ்சிய 3 லட்சத்தைப் பொது நிதி தாங்கியது. பாடசாலைக்கு 3, அலுவலகத்திற்கு 3 என்று பொது நிதியின் 9 லட்சமும் முற்றிலும் செலவாகி விட்டது. உதவித் தொகை நிதியிலோ 6 லட்சத்தில் 2 லட்சமே வழங்கப்பட்டது. ஆகவே, மிச்சமாகக் காணும் 4 லட்சமும் மாணவர்களுக்கு உரியது. அதிலிருந்து வாகனம் வாங்க நிலையத்திற்கு ஒரு ரூபாய் கூட உரிமை இல்லை.

முன்பு வளமாகத் தோன்றிய நிலையம், உண்மையில் தன் கைப்பொருளை முழுதும் தீர்த்து விட்டு நிற்கின்றது. அதுமட்டுமன்று. வழங்க வேண்டிய உதவித் தொகையில் மூன்றில் இரு பங்கு வழங்கப்படாமல் இருக்கின்றது என்ற குறையும் வெளிப்படுகின்றது. வாகனம் வாங்கியிருந்தால் யாரும் திருடியிருக்க மாட்டார்கள். ஆயினும் சில மாணவர்கள் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். கணக்கின் அமைப்பு ஏன் முக்கியம் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

இவ்வளவு செய்திகளையும் காட்டப் பேரேட்டில் எத்தனை தலைப்புகள் வேண்டும் என்று சிலர் மலைக்கக் கூடும். ‘மருத்துவமனை நிதியில் சித்தூர் மருந்து’, ‘பொது நிதியில் சித்தூர் மருந்து’ என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தலைப்பு வைத்தால் நிச்சயமாக மலைப்பே உண்டாகும். மேற்கூறிய நிலையத்தில் ஐந்து இனம், மூன்று நிதி, நான்கு பணி, பொதுவிடத்தையும் சேர்த்து மூன்று இடம். இவற்றைப் பெருக்கினால் 180 தலைப்புகள் ஆகும். மாறாக, நான்கு பட்டியல்களைத் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு வவுச்சரிலும் பட்டியலுக்கு ஒன்றாகக் குறித்தால் போதும்; நாம் நினைவிற் கொள்ள வேண்டிய பெயர்கள் 15 மட்டுமே. புதிய ஊரில் ஒரு கிளை திறந்தால் ஒரு பெயரைச் சேர்த்தால் முடிந்தது. நம் நாட்டில் பலர் கையாளும் டாலி என்னும் கணினி முறையிலும் இதற்கென்று காஸ்ட் சென்டர் வசதி உண்டு. கணினி இல்லாத சிறு சங்கம் ரொக்கப் புத்தகத்தில் மூன்று பத்திகளைக் கூட்டிக் கோடிட்டாலும் இதே பயனை அடையலாம்.

பட்டியல்களை வகுக்கும் போது சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒரு பட்டியல் ஒரே கேள்விக்கு விடை கூற வேண்டும். பணிகளின் பட்டியலில் ஊர்ப்பெயர் நுழைந்தால் குழப்பம் தொடங்கும். எப்பதிவும் குறியின்றி இருக்கலாகாது. எதற்கும் பொருந்தாததற்குப் ‘பொது’ என்ற குறி இருக்கட்டும். ஆனால், பொதுவின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகினால், குறியிடுவோர் அயர்கின்றனர் என்று பொருள். புதிய பெயரைச் சேர்க்கும் அதிகாரம் ஒருவரிடமே இருக்க வேண்டும். இல்லையேல் ‘உதவித் தொகை’, ‘கல்வி உதவி’, ‘மாணவர் நிதி’ என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் முளைக்கும். அறிக்கையில் யாரும் கேட்காத செய்திக்குப் பட்டியல் வேண்டா. ஒவ்வொரு பட்டியலும் வவுச்சர் எழுதுவோரின் உழைப்பைக் கூட்டுகின்றது. உழைப்பு மிகுந்தால் பிழையும் மிகும்.

பொதுச் செலவைப் பங்கிடுவது மற்றொரு சிக்கல். ஒரே எழுத்தர் மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் வேலை செய்தால் அவர் சம்பளம் எதனைச் சேரும்? அவர் உழைக்கும் நேரத்தைக் கொண்டு பங்கிடலாம். கட்டிட வாடகையைப் பரப்பைக் கொண்டு பங்கிடலாம். எம்முறையாயினும் ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்து, அதனை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். எந்த நிதியில் பணம் மிச்சமிருக்கின்றதோ அதன்மேல் செலவைச் சுமத்துவது பங்கீடு ஆகாது. ஒரு நிதிக்கு மற்றொரு நிதியிலிருந்து தற்காலிகமாகக் கைமாற்று எடுக்க நேர்ந்தால், அதனைக் கடனாகவே வெளிப்படையாக எழுதித் திருப்ப வேண்டும்.

சட்டமும் இத்தகைய பிரிவினையையே வேண்டி நிற்கின்றது. வருமான வரி விலக்குப் பெறும் அறநிலையம் தன் வருமானத்தில் 100-க்கு 85 பங்கையேனும் நோக்கத்திற்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. மூலநிதியாகக் கொடுக்கப்பட்டதைத் தனியே காட்ட வேண்டும். வெளிநாட்டு நன்கொடையைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்நன்கொடையில் நிர்வாகச் செலவு 100-க்கு 20-ஐத் தாண்டலாகாது. நம் எடுத்துக்காட்டு நிலையத்தின் அலுவலகச் செலவு 16 லட்சத்தில் 3 லட்சம், அதாவது 100-க்கு 19-க்குச் சற்றுக் குறைவு. பணிவாரியாகக் குறியிடாத நிலையம் இத்தகைய எண்ணை ஆண்டு முடிவில் ஊகித்தே எழுத நேரும். மேலை நாடுகளிலும் இதுவே நெறி. 2016-இல் வெளியான அமெரிக்கக் கணக்கியல் விதிகள், கொடையாளர் நிபந்தனை உள்ளவை, இல்லாதவை என்று நிகரச் சொத்துகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுகின்றன. செலவை இனவாரியாகவும் பணிவாரியாகவும் ஒருங்கே காட்டச் சொல்லுகின்றன. பிரிட்டனில் பொது நிதி, கட்டுப்பட்ட நிதி, மூலநிதி என்ற பாகுபாடு வழங்குகின்றது.

இம்முறையால் எல்லாத் தீமையும் ஒழிந்து விடும் என்று நாம் கூறவில்லை. பொய் வவுச்சர் எழுதுபவன் அதற்கு நான்கு பொய்க் குறிகளையும் எழுதக் கூடும். தணிக்கையும் விழிப்பான உறுப்பினர்களும் என்றும் வேண்டும். ஆயினும், கவனக் குறைவாலும் நல்லெண்ணத்தாலும் நேரும் தவறுகளை இம்முறை பெரிதும் தடுக்கும். அறநிலையங்களில் அத்தகைய தவறுகளே மிகுதி.

வேற்று மாநிலங்களில் நம்மவர் நடத்தும் சங்கங்களும் கல்விக் கழகங்களும் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் தொண்டாற்றும் அன்பர்களின் உழைப்பால் நிற்பவை. செயலாளர் மாற்றலாகி வேறு நகரம் சென்றால், எந்தப் பணம் எதற்கு உரியது என்ற நினைவும் அவருடனேயே சென்று விடுகின்றது. ஆகவே அந்நினைவைக் கணக்கிலேயே பதித்து வைப்பது நமக்கு மிகவும் இன்றியமையாதது. அடுத்த பொதுக்குழுவில் மூன்று சிறு அட்டவணைகளைக் கேட்டுப் பெறுவோம்: இனவாரியாக ஒன்று, நிதிவாரியாக ஒன்று, பணிவாரியாக ஒன்று. மூன்றின் செலவுக் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சாமவையின் நிலத்து வருவாய் எதற்கு உரியது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் திருமலைக் கல் நமக்குச் சொல்லுகின்றது. இவ்வாண்டு நம் கையில் கொடுக்கப்பட்ட பணத்தைப் பற்றி அடுத்த ஆண்டு வரும் செயலாளர் அறிந்து கொள்ளுமாறேனும் நம் கணக்கு எழுதப்பட வேண்டும்.